பத்தாவது விரலுக்கு ஒரு ஸ்விட்ச்

காலை 8.10. பாகாயம் நிறுத்தம் வரை வந்த என் மனைவி எஸ்தர், பேருந்து கண்ணில் பட்டதும் கேட்டாள்: "கீபோர்டுல இன்னா பெரிய வித்தியாசம்? வேலூர்லயே ஒண்ணு வாங்கினா ஆவாதா?"

வித்தியாசம் இருக்கிறது. போன வருடம் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு என் வலது சுண்டு விரலில் வலுவில்லை. நான் கற்ற பழைய தமிழ்த் தட்டச்சு முறையில் புள்ளி வைப்பது அந்த விரல்தான். எங்கள் சபையின் மாத இதழை நானே அடித்துக் கொடுக்கிறேன். சென்ற இதழில் முப்பத்தேழு எழுத்துகளுக்குப் புள்ளி இல்லை, எண்ணிவிட்டேன். போதகர் கோபிக்கவில்லை. "கிறிஸ்மஸ் இதழை வெளிய குடுத்துடலாம் ஐயா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்தக் கனிவுதான் தூங்கவிடவில்லை.

வேலூரில் பேருந்து மாறினேன். விசைகளை அழுத்திப் பார்த்து வாங்கக்கூடிய கீபோர்டு கடை இருக்கும் ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். எப்போது வரும் என்று மூன்றாம் முறை கேட்டதும் நடத்துநர் சிரித்தார்: "ஆம்பூர் எங்கயும் போய்டாது பெரியவரே, உக்காருங்க." மாதனூரில் பஞ்சரான ஷூ கம்பெனிப் பேருந்திலிருந்து பன்னிரண்டு பெண்கள் ஏறினார்கள். வேலைக்கு நேரமாகிவிட்ட அவர்கள் நடத்துநரை அதே கேள்வி கேட்டபோது எனக்குச் சற்று ஆறுதல்.

10.25. கடை மாடியில். படிகளில் கைப்பிடி இல்லை. கடைக்காரர் இம்தியாஸுக்கு நாற்பது வயதிருக்கும். கீபோர்டு விசைகளுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சுகளில் ஒன்பது வகையை, நிறத்துக்கு ஒன்றாக, ஒரு சிறு பலகையில் பதித்து என் முன் வைத்தார்.

சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது. விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து விழுந்துவிடும். பழுப்பில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. நீலம் 'டக்' என்றது. தட்டச்சுப் பொறியில் பழகிய என் கை உடனே நிமிர்ந்தது. எழுத்து விழுந்ததற்குக் காதே சாட்சி. ஆனால் சுண்டு விரலால் அழுத்தியபோது நீலம் பாதியில் நின்றுவிட்டது. ஒன்பதையும் நான்கு சுற்று பார்த்தேன். ஒன்பது விரலுக்குப் பிடித்தது பத்தாவதுக்கு ஆகவில்லை.

"ஒண்ணும் சரியா வரல தம்பி. நான் கிளம்பறேன்."

"இருங்க சார். பத்து விரலுக்கும் ஒரே ஸ்விட்சு வேணும்னு யாரு சொன்னது?" என்றார் இம்தியாஸ். "நான் ஷூ கம்பெனியில சேம்பிள் பாத்தவன். யாருக்கும் ரெண்டு காலும் ஒரே அளவு இருக்காது. பெரிய காலுக்கு ஷூ எடுப்போம், சின்ன காலுக்கு உள்ள பேடிங் வெப்போம். இதுக்குப் போய் பேஜார் ஆவறீங்களே!"

ஒரு கீபோர்டு முழுவதும் நீலம் மாட்டினார். வலது சுண்டு விரல் தொடும் விசைகளில் மட்டும் நீலத்தைக் கிடுக்கியால் பிடுங்கி, மிக லேசான வேறொரு ஸ்விட்சைச் செருகினார். அவருடைய கணினியில் என் தட்டச்சு முறையையும் வைத்துக் கொடுத்தார்.

ஒரு பத்தி அடித்தேன். மற்ற விசைகள் சத்தமிட, புள்ளி விசை மட்டும் ஓசையில்லாமல் இறங்கியது. திரையில் புள்ளிகளை எண்ணினேன். எல்லாம் இருந்தன. மறுபடி எண்ணினேன்.

"சத்தம் ஜாஸ்தி சார். வீட்ல திட்டுவாங்க" என்றார்.

"அது பழகினதுதான்."

திரும்பும் பேருந்தில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு போதகரை அழைத்தேன். கிறிஸ்மஸ் இதழை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்றேன். எத்தனை பக்கம் முடியும் ஐயா என்று தயங்கிக் கேட்டார். வழக்கமாகப் பதினாறு. இருபது அனுப்புங்கள் என்றேன்.