குன்வோரின் காரில் கட்டிய மணி

குன்வோர் புதிய மின்சாரக் கார் வாங்கிய இலையுதிர் காலத்தில், எங்கள் கரையில் ஒரு சத்தம் இல்லாமற்போனது. அவளுடைய பழைய டீசல் வண்டியின் புகைக்குழாயில் ஓட்டை இருந்தது. வளைகுடாவைச் சுற்றிவரும் சாலையில் அவள் திரும்பியதுமே அந்த உறுமல் நீரின் மேல் தவழ்ந்து எங்கள் ஜன்னல்களுக்கு வந்துவிடும். அதைக் கேட்டுத்தான் பலரும் காப்பிப் பானையை அடுப்பில் ஏற்றினார்கள்.

குன்வோர் வீடு வீடாகச் செல்லும் செவிலி. அகன்ற தோள்களும் உரத்த சிரிப்பும் உடையவள். படகுத்துறையில் காத்திருக்கும் நேரங்களில் அவள் பின்னிய கையுறைகள் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. தன்னிடம் வரும் முதியவர்களை அவரவர் கட்டிலிலேயே, அவரவர் ஜன்னலுக்கு அருகிலேயே வைத்துக் காப்பதுதான் தன் வேலை என்று அவள் நினைத்தாள். மாத்திரை கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அதற்குப் பிறகுதான்.

மூடுபனி நிறத்தில் அந்தப் புதிய வண்டி வந்தது. ஒரு மேகம் வழிதவறிச் சாலைக்கு இறங்கியதைப்போல அது ஓடியது. மெதுவாகச் செல்லும்போது மட்டும் ஒரு மெல்லிய முனகல் எழும். அலைச் சத்தம் அதையும் விழுங்கிவிடும்.

வண்டி வந்த வாரத்திலேயே அவள் அன்ஃபினின் வீட்டுக்குப் போனாள். சாலை முடியுமிடத்தில் தனியாக வாழும் அன்ஃபின், முன்னாள் மீனவர். கண் பார்வையை இழந்தவர்; கண்முன் எப்போதும் பனிமூட்டம்தான் என்பார். பழைய வண்டியின் உறுமல் அக்கரையில் கேட்டதும் அவர் சட்டை மாற்றுவார், தலை வாருவார், இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றுவார், கதவைத் திறந்துகொண்டு வாசலில் நிமிர்ந்து நிற்பார். ஒரு நோயாளியாக இருந்து அவர் குன்வோரை ஒருநாளும் வரவேற்றதில்லை; வீட்டுக்காரராக நின்றுதான் வரவேற்றார்.

அன்று அவள் கதவைத் தட்டித் திறந்தபோது, அவர் உள்ளாடையுடன் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, சிந்திய கஞ்சியைக் கையால் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்றார்.

"நான்தான் அன்ஃபின், குன்வோர்."

"திருடி மாதிரி வந்து நிக்கிறியே பொண்ணே! வண்டி எங்க?"

"வாசல்லதான் நிக்குது. புதுசு. கரண்ட்ல ஓடுறது."

அவர் எழுந்திருக்க அவளுடைய கையைப் பிடிக்கவில்லை. மேசைக் காலைப் பிடித்தார். காப்பி ஊற்றவும் இல்லை. அவள் புறப்படும்போதுதான் பேசினார்.

"டவுன்ல அந்த முதியோர் இல்லத்துல ரூம் இருக்குன்னு சொன்னாங்களே, அதை எனக்கு எடுக்கச் சொல்லிடு. பனி விழுறதுக்குள்ள போயிடுறேன்."

"ஏன் இப்படிப் பேசுறீங்க? வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணட்டுமா?"

"போன் அடிச்சா எழுந்து ஓடணும். ஓடினா விழுவேன். விழுந்தா நீங்களே தூக்கிட்டுப் போயிடுவீங்க. அதுக்கு நானே நடந்து போறேன்."

அந்த இல்லத்தின் அறை குன்வோருக்குத் தெரியும். அதன் ஜன்னல் வண்டிகள் நிறுத்துமிடத்தைப் பார்த்திருக்கும். அங்கே கடலின் சத்தம் எட்டாது.

சனிக்கிழமை அவளும் அவள் கணவன் ஒட்வாரும் வண்டிக்கான துணைப்பொருள்கள் விற்கும் கடைக்குச் சென்றார்கள். ஒட்வார் ஒவ்வொரு அலமாரியின் முன்னும் கோயிலில் நிற்பவனைப்போல நின்றான். விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்புகளைக் குன்வோர் உடனே எடுத்துக்கொண்டாள். பூட்ஸில் ஒட்டிவரும் பனி உருகினால் தரைக்கம்பளம் வசந்தம்வரை நாறும். சரளைக் கற்கள் தெறித்துப் பூச்சு உரியாமலிருக்கச் சக்கரங்களுக்குப் பின்னால் மாட்டும் தடுப்புகளையும், இருட்டில் சாலைக்கு வரும் மான்களைத் தொலைவிலேயே காட்டும் கூடுதல் விளக்கையும் ஒப்புக்கொண்டாள்.

"சார்ஜ் போடுற துவாரத்துல ஐஸ் பிடிக்காம இருக்க ஒரு மூடி," என்றான் ஒட்வார்.

"சரி."

"கதவு விளிம்புக்கு ஒட்டுற தாள்? சீட்டுக்கு உறை? பின்பெட்டிக்கு ஒரு தட்டு?"

"பின்பெட்டித் தட்டு போதும். காருக்கே ஸ்வெட்டர் பின்னச் சொல்லுவ போலிருக்கே!"

"பின்னுவியா?" என்று கேட்டு அவன் முறைப்பை வாங்கிக்கொண்டான்.

குன்வோர் கடைக்காரப் பெண்ணிடம் திரும்பினாள். "சத்தம் போடுற மாதிரி ஏதாவது இருக்கா? தூரத்துலேயே கேக்கணும்."

அந்தப் பெண் குழம்பினாள். "சத்தத்தைக் குறைக்கிற அட்டை இருக்கு. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. சத்தம் வேணும்னு யாரும் கேட்டதில்லையே! ஹாரன் அடிக்கலாமே?"

எங்கள் பக்கத்தில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால், யாருக்கோ நெஞ்சு நின்றுவிட்டது என்று எல்லாரும் வாசலுக்கு ஓடிவருவார்கள்.

வீடு திரும்பும் வழியில் செம்மறி ஆடு வளர்க்கும் யோருன் வேலியோரம் நின்றிருந்தாள். அவளுடைய ஆடுகள் கோடை முழுவதும் மலைமேல் மேய்ந்துவிட்டு அண்மையில்தான் கீழிறங்கியிருந்தன. குன்வோர் சொன்னதைக் கேட்டவள், கொட்டகைக்குள் சென்று தோல்வாரில் கோத்த வெண்கல மணி ஒன்றைக் கொண்டுவந்தாள். மந்தைக்கு முன்னால் நடந்த கிழட்டு ஆட்டினுடையது. அந்த ஆடு சென்ற குளிர்காலத்தில் செத்துப்போயிற்று.

"இதைவிட நல்ல குரல் இந்தக் கரையில இல்ல. எடுத்துக்கோ," என்றாள் யோருன்.

மணியைத் தருகிறவளுக்கும் வாங்குகிறவளுக்கும் அந்த நேரத்தில் தோன்றியிருக்கவேண்டிய ஒன்று தோன்றவில்லை. எங்கள் ஊரில் மணி என்பது அவ்வளவு பழகிய பொருள்.

வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க அதனோடு வந்த வளையத்தை முன்புறத் துளையில் திருகி, அதில் ஒட்வார் மணியைத் தொங்கவிட்டான். "வண்டி முன்னால இருக்கிற ராடார் கண்ணை மறைக்கல. ஆனா மெயின் ரோட்டுல கழட்டிடு, இல்லேன்னா போலீஸ்காரன் உன்னையும் மேய்ச்சலுக்கு அனுப்பிடுவான்," என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை மூடுபனி நீரிலிருந்து எழுந்து சாலையையும் வேலிகளையும் அழித்திருந்தது. குன்வோர் சிறுசாலைக்குத் திரும்பியதும் இறங்கி மணியைக் கட்டினாள். மணி கேட்டால் தான்தான் என்று அன்ஃபினுக்கு அவள் முன்பே சொல்லியனுப்பியிருந்தாள். பிறகு, நடப்பவர்கள் முந்திவிடும் வேகத்தில் ஓட்டினாள். மணியோசை பனிக்குள் மிதந்தது. வண்டி தன்னை ஓட்டிச் செல்கிறதா, தான் ஏதோ உறக்கத்தில் நடக்கிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பின்கண்ணாடியில் பனி கட்டிகட்டியாக உருண்டு வருவதைப்போல இருந்தது. பிறகு அந்தக் கட்டிகளுக்குக் காதுகள் முளைத்தன.

யோருனின் மந்தை முழுவதும் தாழ்ந்த கற்சுவரைத் தாண்டிக் காரின் பின்னால் வந்துகொண்டிருந்தது. மணியைக் கேட்ட ஆடுகளுக்கு, செத்துப்போன தலைவி மலையிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். சாலை மிகக் குறுகியது, திரும்ப இடமில்லை. குன்வோர் தொடர்ந்து ஓட்டினாள்.

அன்ஃபினின் கதவு திறந்திருந்தது. வெள்ளைச் சட்டையில், வாரிய தலையுடன் அவர் வாசலில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குன்வோர், உன் வண்டிக்கு எத்தனை கால்?"

"என் வண்டிக்குச் சக்கரந்தான். மத்ததெல்லாம் யோருனோட கால்."

ஆடுகள் முற்றத்தை நிறைத்து அவருடைய முழங்கால்களை உரசின. அவர் ஈரக் கம்பளியில் விரல்களை ஆழ்த்தி, வாய்விட்டுச் சிரித்தார். சற்று நேரத்தில் யோருன் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏய், என் மந்தையையே ஓட்டிட்டு வந்துட்டியா?"

"நீதானே மணி குடுத்த!"

"வேற மணி தர்றேன், தாயே. வெள்ளாட்டு மணி. அதை இதுங்க மதிக்காது."

"ரெண்டு பேரும் உள்ள வந்து சண்டை போடுங்க," என்றார் அன்ஃபின். "காப்பி ஆறுது. யோருனுக்கும் ஒரு கோப்பை எடுக்கணும்."

குன்வோர் வாசற்படியிலேயே நின்றாள். "அந்த ரூம் விஷயம்... நாளைக்குப் பதில் சொல்லணும்னு சொன்னாங்க."

"வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு. எனக்கு இங்க விருந்தாளிங்க வர்றாங்க."

அவர் உள்ளே செல்லவில்லை. ஆடுகளை விலக்கிக்கொண்டு, முதன்முறையாக அந்த வண்டியை நோக்கி நடந்தார். மணியைத் தொட்டார், பிறகு குளிர்ந்த முன்மூடியின்மேல் உள்ளங்கையைப் பரப்பினார்.

"என்ன நிறம்?"

"மூடுபனி நிறம்."

"அப்படின்னா எனக்குத் தெரியுது," என்றார் அன்ஃபின்.