நேர விரயத்துக்கு முழு மார்க்

பெயின்ட்டில் கலக்கிற தின்னர் வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு உடனே நாமக்கல் ஞாபகம் வந்துவிடும்...

லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. ஒரு பக்கம் பெயின்ட், ஒரு பக்கம் வெல்டிங், நடுவில் காது கிழிய கிரைண்டர். அதற்கு மேல் தகரக் கூரை போட்ட ஒரு மாடியறை. அதுதான் என் ஆபீஸ்.

எம்.பி.ஏ. முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை அது. ‘ட்ரெய்னிங் அண்ட் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்’ என்று பெரிய பதவி. பட்டறையில் யார் வாயிலும் அது நுழையவில்லை. எல்லோருக்கும் நான் ‘மாடி அம்மிணி’தான்.

ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடியப்போகிற நேரத்தில் முதலாளி கூப்பிட்டார்.

“கிரைண்டிங் போடறப்ப ஒருத்தரும் கண்ணாடி மாட்ட மாட்டேங்கறாங்க. கண்ணுல இரும்புத்தூள் உழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடறதே பொழப்பாப் போச்சு. வாங்குன கண்ணாடியெல்லாம் ஸ்டோர்ல பொட்டியோட கெடக்குது. ஒரு ட்ரெய்னிங் போடுங்க. அதப் பாத்துட்டு உங்க வேலையப் பத்திப் பேசிக்கலாம்.”

விடுவேனா நான்... நாற்பது ஸ்லைடு போட்டேன். பெரியவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று வட்டம் போட்டு, அதைச் சுற்றி நாலு அம்புக்குறி வேறு. அரை நாள் பயிற்சி, நடுவில் டீயும் பன்னும். வாட்ச்மேன் முதல் பெயின்டர் வரை எல்லோரையும் உட்கார வைத்தேன். பெண் பார்க்க வந்த வீட்டில் இருப்பது போல அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக இருந்தார்கள். ஒருவர்கூடத் தூங்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் ஃபீட்பேக் ஃபார்ம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அஞ்சுக்கு மார்க். படிக்காமல் டிக் அடிப்பவர்களைப் பிடிக்க ஒரு கேள்வியைத் தலைகீழாக வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதனால் பத்தாவதாக, ‘இந்தப் பயிற்சி நேர விரயமாக இருந்ததா?’ என்று ஒன்றைச் செருகினேன். என்ன ஒரு மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எல்லோரும் எல்லாவற்றுக்கும் அஞ்சு போட்டிருந்தார்கள். பத்தாவதுக்கும்.

முதலாளிக்குக் கொட்டேஷனைக்கூடக் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கிற பழக்கம். ஃபார்மையும் அப்படியே படித்தார்.

“ஏம்மா... அத்தன பேரும் நேரம் வீணுன்னு முழு மார்க் போட்டிருக்கறாங்க?”

“சார், அது சும்மா செக் பண்றதுக்கு வெச்ச கேள்வி. படிக்காமப் போட்டிருக்காங்க.”

அவர் ஃபார்மில் விரலை மேலே நகர்த்தினார். “அப்ப மேல இருக்கற ஒம்பத மட்டும் படிச்சா போட்டிருப்பாங்க?”

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதேதான்.

பெரியண்ணன் மேஸ்திரியை முதலாளி கூப்பிட்டார். வெல்டிங் பகுதியே மேஸ்திரி கையில்தான் இருந்தது. அவர் தலையசைத்தால்தான் பட்டறையில் ஆணி அசையும்.

“ஏனுங்க மேஸ்திரி, இதப் படிச்சுட்டுத்தான் மார்க் போட்டீங்களா?”

“படிச்சுட்டுத்தானுங்க போட்டேன்.”

“நேரம் வீணான்னு கேட்டிருக்குதுங்க.”

“ஆமாங்க. அம்மிணி காலைல இருந்து நின்னுக்கிட்டே பேசுச்சு. தொண்டையே கட்டிப்போச்சு. அதுக்கப்பறம் காகிதத்த நீட்டி மார்க் போடுங்கண்ணான்னு கேக்குது. கொறைச்சுப் போட கை வருமுங்களா?”

“செரி, மார்க்க உடுங்க. சொன்னதுல என்ன புரிஞ்சுது?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார்.

“பன்னு நல்லா இருந்துச்சுங்க.”

முதலாளி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “திங்கக்கெழம நானே கீழ வந்து பாக்கறேன். எத்தன பேரு கண்ணாடி மாட்டியிருக்கறாங்களோ, அதுதான் உங்க மார்க்கு. இல்லீன்னா வேற எடம் பாத்துக்குங்க.” மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்.

ஓமலூரில் எங்கள் வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதேன். அப்பாவுக்கு உள்ளூர சந்தோஷம், பேங்க் பரீட்சைக்குப் படிக்கலாமே என்றார். நாமக்கல்லிலிருந்து வந்தவள் ஒரு அட்டை முட்டையாவது வாங்கி வந்திருக்கக் கூடாதா என்று அம்மாவுக்கு வருத்தம்.

திங்கட்கிழமை முதலாளி பின்னால் படியிறங்கினேன்.

கேட்டில் வாட்ச்மேன் கண்ணாடி மாட்டியிருந்தார். டீ கொண்டுவந்த அக்கா கண்ணாடி மாட்டியிருந்தார். அது ஆவி படிந்து வழி தெரியாமல், டம்ளரைத் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தார். பெயின்டர்கள், வெல்டர்கள், கிரைண்டர் போடுபவர்கள் எல்லோர் முகத்திலும் கண்ணாடி. மேஸ்திரி தன் பவர் கண்ணாடிக்கு மேலேயே ஒன்றை மாட்டி, நூல் போட்டுக் கட்டியிருந்தார்.

முதலாளி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “மேஸ்திரி, வாட்ச்மேனுக்கு எதுக்குங்க கண்ணாடி?”

“அவருந்தானுங்க ட்ரெய்னிங்ல உக்காந்திருந்தாரு.”

அன்று மத்தியானமே கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்துவிட்டது. கண் கலங்கிப்போய் மேஸ்திரியிடம் ஓடினேன்.

“ரொம்ப நன்றிங்கண்ணா... எனக்காகத்தான பண்ணீங்க?”

“அட நீங்க வேற, அம்மிணி. நீங்க போயிட்டா புதுசா ஒருத்தரு வந்து மறுபடியும் மொதல்ல இருந்து பேசுவாங்க. அதுக்கு இத மாட்டிக்கிட்டுப் போயரலாம்.”

சொல்லிவிட்டு கிரைண்டரை ஆன் செய்தார். ஆனால் அதற்கப்புறம் நான் அங்கே இருந்த இரண்டு வருஷமும் அந்தக் கண்ணாடியை அவர் கழற்றவில்லை. மற்றவர்களும்தான். என் ஸ்லைடால் இல்லை என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு இதே வேலையைத்தான் செய்கிறேன். எல்லாம் ஆன்லைன். ஃபீட்பேக்கில் பெயர் போட வேண்டியதில்லை, அதனால் ஒளிவுமறைவே கிடையாது. போன வாரம்கூட ஒருவர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து, ‘இதை மெயிலில் அனுப்பியிருக்கலாமே’ என்று எழுதியிருந்தார். சரியான கருத்துதான். அன்றைக்கு நான் கேட்டதும் இந்த மாதிரி உண்மையைத்தானே...

ஆனால் என் வேலை போய்விடக் கூடாதே என்று இங்கே யாராவது முகத்தில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்பார்களா? கேமராவையே ஆன் பண்ண மாட்டேன் என்கிறார்கள்.