தலைவாசல் எந்தப் பக்கம்?

போன வெள்ளிக்கிழமை ஒரு சாப்பாட்டுக் கடையை மூடப் பார்த்தேன். அப்போது கடை திறக்கப்படவே இல்லை என்பது கூடுதல் தகவல்.

கடைக்காரர் மகேஸ்வரி. எங்கள் தாமான் குடியிருப்பில் அடுத்த வரிசை வீடு. பல வருடங்கள் சிங்கப்பூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புவார். ஒரு நாள் ஃபேக்டரி வேறு நாட்டுக்குக் குடிபோனது. மகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

கையில் இருந்ததை எல்லாம் போட்டு, ஜொகூர் பாரு டவுனில் இருக்கும் அந்தப் பழைய பங்களாவின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை போட.

எந்தப் பங்களா என்று வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற நீங்கள் கேட்க மாட்டீர்கள். பாவம், அதைப் பற்றி நான் எழுதி எழுதி, எத்தனை முறை என்னிடம் மாட்டியிருக்கிறீர்கள்! பழைய கட்டடம் ஒன்றில் சுண்ணாம்பு உதிர்ந்தால் எனக்கு ஒரு வாரப் பத்தி தேறிவிடும். தூண் விழுந்தால் தொடரே எழுதுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். புது இடம் என்றால் நம்மவர்கள் பால் காய்ச்சுவார்கள். தலைவாசல் வழியாக வலது காலை எடுத்து வைத்து உள்ளே போக வேண்டும். அடுப்பில் பால் பொங்கி வழிய வேண்டும். அதுவும் ராகு காலம் தொடங்குவதற்குள். அன்றைய நல்ல நேரத்தைத் தவறவிட்டால் அடுத்து ஆடி. ஆடியில் யார் கடை திறப்பார்கள்? ஒரு மாதம் சும்மா கிடக்க வேண்டியதுதான். சமையல்காரர்கள் வந்துவிட்டார்கள், காய்கறி வந்துவிட்டது. வாடகைக்கோ ஆடி, ஆவணி என்று எந்த வித்தியாசமும் தெரியாது.

ரோட்டுப் பக்கத்து வாசலில் மாவிலைத் தோரணம். மகேஸ்வரி கையில் குத்துவிளக்கு. அவருடைய மாமியார் அன்னபூரணியக்கா கையில் பால் செம்பு. பக்கத்தில் பங்களாவின் சொந்தக்காரி மிஸ் லிம் – அதைக் கட்டிய சீன முதலாளி தவுக்கேயின் கொள்ளுப்பேத்தி – மரியாதைக்காகக் குர்த்தா போட்டு வந்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. நானும் அங்கே இருந்தேன் என்பதைத் தவிர.

"வடக்கு பார்த்த வாசல், ராசியான வாசல்," என்றார் அன்னபூரணியக்கா, திருப்தியாக.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"அக்கா, இது உண்மையில வாசலே இல்ல. பின்பக்கம். அந்தக் காலத்துல கக்கூஸ் வாளி எடுக்கிறவங்க வந்து போற வழி இதுதான்."

தூக்கிய வலது காலை அன்னபூரணியக்கா கீழே வைத்தார். வெளிப்பக்கமாக.

"என்ன தம்பி சொல்றீங்க? கக்கூஸ் வழியாவா லட்சுமியைக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க?"

"அண்ணே..." என்றார் மகேஸ்வரி. அந்த ஒரு சொல்லில் ஒரு பக்கத் திட்டு இருந்தது.

"அப்ப தலைவாசல் எங்க?" என்று கேட்டார் அன்னபூரணியக்கா.

என்னிடம் வரலாறு கேட்டுவிட்டார்கள். விடுவேனா? தவுக்கே மிளகு வியாபாரி. சரக்கு, விருந்தாளி, சம்பந்தி எல்லாரும் படகில்தான் வருவார்கள். அதனால் வீடு கடலைப் பார்த்து நிற்கிறது. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். அவனுடைய அதிகாரிகளும் அந்த வாசலில்தான் காவல் போட்டார்கள். சண்டை முடிந்து இது நர்ஸுகள் ஹாஸ்டல் ஆனபோது, மேற்கு வாசல் வழியாகப் போக வர வைத்தார்கள். வாலிபர்கள் அங்கேயே நின்று சீட்டி அடித்ததால் அதைச் செங்கல் வைத்து ஜன்னலாக்கிவிட்டார்கள். பிறகு கல்யாண டின்னர் ஹால். மேஜை நாற்காலி லாரியில் வந்து இறங்கக் கிழக்கில் ஒரு வாசல் உடைத்தார்கள். அந்தப் பக்கம் இப்போது பக்கத்துக் கட்டடம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. திறந்தால் சுவர்தான் தெரியும். கடைசியில் மெத்தைக் கடை, அப்புறம் ஒரு ஸ்டைலான காப்பிக் கடை. ரோடு இந்தப் பக்கம் வந்ததால் இவர்கள் பின்பக்கத்தையே முன்பக்கமாக்கிக்கொண்டார்கள். காப்பிக் கடை ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது.

"பாத்தியா? பின்வாசல்ல போனவங்க உருப்படல," என்றார் அன்னபூரணியக்கா மருமகளிடம். என் பக்கம் திரும்பினார். "கடல் வாசல்லயே போவோம் தம்பி. அது எந்தத் திசை?"

அன்பர்களே, ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவன் நான். கடல் எந்தப் பக்கம் என்று தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நிமிஷம் வரைக்கும் அதைத் திசையாக யோசித்ததில்லை.

"தெற்கு," என்றேன். மிக மெதுவாக.

"எமன் திசையா?"

ஆக நிலவரம் இது. வடக்கில் வாளி. தெற்கில் எமன். கிழக்கில் சுவர். மேற்கில் ஜன்னல். என் புண்ணியத்தில் நான்கு பக்கமும் அடைத்தாகிவிட்டது. சமையல்காரர் எட்டிப் பார்த்து, "சாம்பார் வைக்கவா வேணாமா?" என்று கேட்டார்.

மிஸ் லிம்முக்கு மகேஸ்வரி விஷயத்தை மலாயில் சொன்னார். மிஸ் லிம் கண்ணை அகல விரித்தார்.

"அலமாக்! ஆன்ட்டி, சவுத் இஸ் த பெஸ்ட் லா! எங்க கொள்ளுத் தாத்தா ஃபெங் சுய் பார்த்து, அதுக்காகவே இந்த நிலம் வாங்கினாரு!" என்று மலாயும் இங்கிலீஷுமாகப் பொரிந்தார்.

ஒருவருக்கு எமன் வரும் திசை, இன்னொருவருக்குப் பணம் வரும் திசை. இது எனக்கு ஒரு நல்ல பத்தியாகத் தோன்றியது. ஆனால் அன்னபூரணியக்கா முகத்தைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் முறையாக நான் கருத்துச் சொல்லவில்லை.

"அவங்க சாமி வேற, நம்ம சாமி வேற," என்றார் அக்கா. "மகேஸு, ஆவணியில பாத்துக்கலாம். வீட்டுக்குப் போவோம்."

மகேஸ்வரி குத்துவிளக்கைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"அத்தை, சிங்கப்பூர் எந்தத் திசைல இருக்கு?"

"அது எதுக்கு இப்ப?"

"தெற்குலதான் இருக்கு. இத்தனை வருசம் நான் தினமும் அங்கதான் போனேன். வீட்டு லோன் அங்கேருந்துதான் வந்துச்சு. உங்க கண்ணு ஆப்பரேசனும் அங்கேருந்துதான். எமன் திசைன்னு அப்ப ஒரு நாளாவது சொன்னீங்களா? மழையில நான் போறப்ப 'பத்திரமா போ'ன்னுதானே சொன்னீங்க?"

ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

அன்னபூரணியக்கா பால் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிர்ந்தார்.

"வாசல் தெற்கு பாத்தா என்ன? உள்ள நடக்கிற நாம வடக்கு பாத்துதானே நடக்கப் போறோம்?"

யாரும் மறுக்கவில்லை. நான் மறுப்பேனா? எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டுமே!

எல்லாரும் சந்து வழியாகச் சுற்றி ஓடினோம். பால் செம்பு முன்னால், மிஸ் லிம் சாவியோடு பின்னால். கடல் பக்கம் என்று பெயர்தான். மண் கொட்டிக் கடலை எப்போதோ தள்ளி அனுப்பிவிட்டார்கள்; இப்போது ஏர்கான் பெட்டிகளும் புல்லும்தான். சாவி நன்றாக இருந்தது. பூட்டுதான் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டார்கள், தட்டினார்கள். பூட்டு ஒருவழியாகத் திறந்தது, கதவு திறக்கவில்லை. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தோளைக் கொடுத்து முட்டினேன். கதவு திறந்தது. நான் இடது காலா வலது காலா என்று பார்க்காமல், இரண்டு முழங்காலையும் ஊன்றி உள்ளே விழுந்தேன்.

"அவரைக் கணக்குல சேக்காதீங்க," என்றார் அன்னபூரணியக்கா. "மகேஸு, நீ வா. வலது காலை வை."

மகேஸ்வரி வைத்தார். ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அன்னபூரணியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்றார். அது கேஸ் அடுப்பு. அதையும் நான் சுட்டிக்காட்டவில்லை. ஒரே காலையில் எவ்வளவு முன்னேற்றம் பாருங்கள்.

இந்த வாரம் மத்தியானம் சாப்பிடப் போனேன். கூட்டம். ஆபீஸ்காரர்கள், பாலம் தாண்டி வந்த சிங்கப்பூர்க்காரர்கள், ஒரு மேஜை முழுக்க மிஸ் லிம்மின் சொந்தக்காரர்கள். ஒருவர் விடாமல் ரோட்டுப் பக்கத்து வாசல் வழியாகத்தான் வந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து, "வாங்க, வாங்க" என்று அத்தனை பேரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார் அன்னபூரணியக்கா.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"வாங்க தம்பி. இலை போடச் சொல்றேன்... ஆனா வாயைச் சாப்பிட மட்டும் திறங்க."