எங்கள் வீட்டுத் தாலி

என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் எல்லோரும் மண்டபம், சமையல், பத்திரிகை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வேறு கவலை. தாலிக்கு மாதிரி காட்ட நான் எங்கே போவேன்?

எங்கள் எண்ணூர் குப்பத்தில் தாலி என்பது மாப்பிள்ளை வீட்டுச் சமாசாரம். எத்தனை பவுன் என்பது பெரிதில்லை, வடிவம்தான் முக்கியம். ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு வடிவம் உண்டு. பெண் எந்த வீட்டுக்குப் போகிறாளோ அந்த வீட்டு வடிவம்தான் அவள் கழுத்தில் ஏறும். மாமியார் தன் கழுத்தில் இருப்பதை எடுத்துக் காட்டி, இதைப் போலவே செய்யுங்கள் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. என் கழுத்தில் காட்ட ஒன்றும் இல்லை. வெள்ளம் வந்த வருஷம், கழுத்தளவு தண்ணீரில் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மேட்டில் ஏறி மூச்சு வாங்கிய பிறகுதான் தாலி போனது தெரிந்தது. மஞ்சள் கயிறு இற்றுப் போயிருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து புதுக் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு செய்துகொள் என்று வீட்டுக்காரர் சொன்னபோதெல்லாம், அதே போல் கிடைத்தால் பார்ப்போம் என்று தட்டிக் கழித்தேன்.

மாமியாருடைய தாலி மாமனார் போன அன்றே பாலில் விழுந்தது, பிறகு உருக்கிக் கம்மலாகிவிட்டது. பங்காளிகள் மூலைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். தேடிப் பிடித்துக் கேட்டால், நகைக்கடையில் ரெடிமேடாக வாங்கிய பிள்ளையார் தாலியைக் காட்டினார்கள். எங்கள் கல்யாணப் படங்களில் கழுத்து முழுக்க மாலைதான். அதற்குப் பின் எடுத்த ஒரு படத்திலும் தாலி தெரியாது. ஊர்க்கண் படக்கூடாது என்று நாங்கள் அதை ரவிக்கைக்குள்ளேயே போட்டுக்கொள்வோம். இப்படி மறைத்து மறைத்து வைத்துக் கடைசியில் எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது.

வரைந்தாவது கொண்டு வாருங்கள் என்றார் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இருக்கும் ஆசாரி. பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு வட்டம் போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. வெட்கக்கேடு. தினமும் குளித்துவிட்டு வந்ததும் தாலியை எடுத்துக் கண்ணை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அப்படியே உள்ளே போட்டுக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவேன். ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால்தானே வரைவதற்கு? என் வீட்டுக்காரரோ காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற மனுஷன், நடுவில் மீன் இருந்தது என்று அடித்துச் சொன்னார்.

"நா கட்னவன். எனக்குத் தெரியாதா?"

"நீ கட்னது ஒரு நிமிசம். அதயும் மேளத்தப் பாத்துகினே கட்ன" என்றேன். ஆனால் எதிர்த்துச் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை.

இந்த நேரத்தில்தான் மருமகளாக வரப்போகிற பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். தண்டையார்பேட்டைக்காரி. பாரிமுனையில் கப்பல் சரக்குக்குக் காகிதம் பார்க்கும் ஆபீஸில் வேலை. என் மகன் தாலி விஷயத்தை அவளிடம் உளறியிருக்கிறான். வெளிநாட்டு மியூசியங்களில் நம் ஊர் ஜனங்கள் புழங்கிய பொருள்களையெல்லாம் படம் எடுத்து நெட்டில் போட்டிருக்கிறார்கள், அதில் தேடலாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தாலி கொடுக்க வேண்டியது நாங்கள். கழுத்தை நீட்ட வேண்டியவள் வந்து தன் தாலியைத் தானே தேடுவாளா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் டீ போட்டுக் கொடுத்தேன்.

தாலி என்று போட்டாள், ஒன்றும் வரவில்லை. மெட்ராஸ் என்று போட்டதும் திரை நிரம்பிவிட்டது. முறம், துடைப்பம், கொட்டாங்கச்சி அகப்பை, மீன் கூடை, தூண்டில் முள். ஒவ்வொன்றும் சாம்பல் நிறத் துணியில் தனியாக, பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு இருந்தது. என் வீட்டுக் கொல்லையில் கிடப்பதையெல்லாம் கப்பலேற்றிக் கொண்டுபோய் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கேட்டுக்கொண்டா எடுத்துப் போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் துடைப்பத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

அவள் சலிக்கவில்லை. "சரக்கு தேடும்போது பேர நம்பக் கூடாது அத்த. ஆளாளுக்கு ஒரு பேரு எழுதுவாங்க. எங்கருந்து வந்துது, எதுல செஞ்சது, அது ரெண்டத்தான் பாக்கணும்" என்றாள். கழுத்தில் போடுவது, தங்கம், மெட்ராஸ் பக்கம் என்று ஒவ்வொன்றாக வடிகட்டிக்கொண்டே போனாள். பாதிக்குப் படமே இல்லை, வெறும் கட்டம். முறைத்துக்கொண்டு தள்ளி நின்றிருந்த நான் எப்போது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்காரரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

சாயங்காலம் ஆகும்போது கிடைத்தது. மணமான பெண்கள் அணிவது, மீனவர், மெட்ராஸுக்கு வடக்கே கடற்கரை என்று எழுதியிருப்பதாக அவள் படித்துச் சொன்னாள். இரண்டு தாலிகள். ஒன்றில் நடுவில் ஒரு மீன், ஓரமெல்லாம் வழுவழுப்பு. இன்னொன்று வெறும் வட்டம், மேலே இரண்டு புள்ளி போல மேடு, கீழ் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். வீட்டுக்காரர் மீனைக் காட்டி, நான் சொன்னேனா இல்லையா என்றார். எனக்கு இரண்டும் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. மஞ்சள் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. ஒரு பெண் தாலியைக் கழற்றி அந்நியனிடம் கொடுத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? புருஷன் போனால் ஒழிய எங்கள் பெண்களின் கழுத்திலிருந்து அது இறங்காது. யாரோ அறுத்த தாலியைப் பார்த்தா என் மருமகளுக்குச் செய்வது? அந்த லேப்டாப் பெட்டியை மூடு, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். என்ன காரணம் என்று கேட்டாள். சொன்னேன். வீட்டுக்காரரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அவள் பெட்டியை மூடவில்லை. அந்தப் படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

"அத்த, புருசன் போனதோட எல்லாம் போச்சுன்னு அந்தம்மா நெனச்சிருப்பாங்க. போவலயே, இன்னும் கீதே. அவங்க வூட்லயும் உருக்கியிருந்தா இன்னிக்கு நமக்கு ஏது? நா போட்டுக்குறேன். எனக்கு ஒண்ணும் பயமில்ல."

பேசியது என்னவோ மெதுவாகத்தான். எழுந்த நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். மாமியாரின் தாலி பாலில் விழுந்த அன்று அவர் அழுத அழுகை ஞாபகம் வந்தது. அதை உருக்கியபோது வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு வருகிறது. அன்று ராத்திரி சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவளை உட்காரவைத்து, சுறாப்புட்டு செய்து என் கையால் பரிமாறினேன். அவள் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஜெராக்ஸ் கடையில் இரண்டு படத்தையும் பெரிதாக எடுத்து ஆசாரியிடம் கொண்டுபோனோம். படத்திலிருந்த ஸ்கேலின் மேல் கவராயத்தை வைத்துப் பார்த்தவருக்கு ஒரே சந்தோஷம், அளவோடு படம் கொண்டுவந்த முதல் பார்ட்டி நாங்கள்தானாம். ஆனால் எது உங்கள் வீட்டுடையது என்று கேட்டார். மீன் என்றார் வீட்டுக்காரர். தெரியவில்லை என்றேன் நான். தங்கத்தில் கைவைத்த பிறகு மாற்றிப் பேசக்கூடாது, இரண்டையும் முதலில் செம்பில் அடித்துத் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் அந்தப் பெண்ணும் போனோம். சிவப்பு வெல்வெட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. ஆசாரி காத்திருந்தார். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகச் சொல்லிவிட்டால் வேறு யாரோ வீட்டுத் தாலி இந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறும், அதற்குப் பின் வருகிறவளுக்கும் அதுதான் போகும். எங்கள் வீட்டுடையது என்னோடு முடிந்துவிடும். பதற்றத்தில் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மஞ்சளை எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். ஒற்றிக்கொண்டிருக்கும்போதே விளங்கியது.

நான்தான் அதைப் பார்த்ததே இல்லையே. பிறகு எதற்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுகிறேன்?

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினேன். முதலில் ஒன்றை வைத்தார். இமையில் ஒற்றினேன். வழுவழுவென்று, யாரோ போல இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். அடுத்ததை வைத்தார். மேல் இமையில் இரண்டு மேடும் பட்டன. எடுக்கும்போது கீழே இருந்த பள்ளம் இமை முடியில் மாட்டி லேசாக இழுத்தது. எத்தனை காலை, சனியனே என்று அந்தப் பள்ளத்தைத் திட்டியிருக்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வலியைக்கூட மறந்துபோயிருந்தேன்.

"இதான். இதான் எங்க வூட்டுது" என்றேன். ஆசாரி கடை என்றும் பார்க்காமல் அழுதேன். அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் மீன் தாலியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்த மீனு யாரு வூட்டுது?" என்றார். ஆசாரிகூடச் சிரித்துவிட்டார். செம்பை அவருக்கு வைத்துக்கொள்ள மனமில்லை, எங்கள் வீட்டு மாதிரியை எனக்கே கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் மஞ்சளுக்குப் பக்கத்தில் அதைக் கோத்து வீட்டுக்காரரைக் கட்டச் சொன்னேன். இந்த முறை பார்த்துத்தான் கட்டினார்.

கல்யாணத்தன்று, தாலித் தட்டை எல்லோரிடமும் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோகுமுன் என் மகன் அதைச் சாம்பல் நிறத் துணியில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து, முன்னும் பின்னும் படம் எடுத்தான். கண்ணேறு என்று ஒரு சொந்தக்காரி முணுமுணுத்தாள். பட்டால் படட்டும், காணாமல் போவதற்கு இது மேல் என்றேன்.

மறுநாள் காலையில் மருமகள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அடுப்படிக்கு வந்தாள். தாலியை வெளியே எடுத்தாள். கண்ணை மூடினாள். ஒற்றப் போன கையை எட்டிப் பிடித்தேன்.

"மொதல்ல கண்ணத் தொறந்து பாரு. அப்பால ஒத்திக்கோ."

அவள் கண்ணைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் என் ரவிக்கைக்குள்ளிருந்து செம்பை எடுத்து, அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன்.