சாமிக்குக் கொடுத்த விலாசம்

கான் பிக் செங் இந்தோனேசியாவின் ஜாவாவில் பிறந்தவர். கருவாடும் மண்ணெண்ணெயும் விற்றார். கோபம் வந்தால் அந்தப் பக்கத்துச் சுண்டா மொழியில்தான் திட்டுவார். சீன எழுத்தில் தன் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் 'ஊருக்குப் போகணும்' என்று அவர் சொன்னால் அது சீனாவின் ஃபூஜியன்தான். அந்த ஊரை அவர் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்தபோது, கிராமங்களில் அந்நியர் கடை வைக்கக்கூடாது என்ற உத்தரவு அமலுக்கு வந்தது. நாற்பத்தாறு வருடம் ஒரே தெருவில் இருந்தவர், தான் அந்நியர் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். கடையைப் பூட்டிவிட்டார்கள். தாய்நாடு திரும்புகிறவர்களை ஏற்றிக்கொள்ளச் சீனாவிலிருந்து கப்பல் வந்துகொண்டிருந்தது. பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. போவதா, இருப்பதா?

முதல் கப்பலில் போன அவருடைய தம்பி கடிதம் போட்டிருந்தான். சீனப் பள்ளியில் வாத்தியாராக இருந்த நான்தான் வாசித்துக் காட்டினேன். 'இங்கே எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது. வரும்போது எண்ணெய், சர்க்கரை, சோப்பு, ஆணி கொண்டுவரவும். பிள்ளைகளை இப்போதே ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பழக்கவும். உடம்புக்கு நல்லது.'

"பாத்தியா, தாராளமாம்," என்றார் பிக் செங்.

"தாராளமான ஊருக்கு ஆணி எதுக்கு?" என்றாள் அவர் மனைவி ஹொங் நியோ.

"கடுதாசில ஓட்டை மட்டுந்தான் ஒன் கண்ணுக்குத் தெரியும்."

"இருக்கே, தெரியுது."

முடிவைச் சாமியிடம் விட்டார்கள். கோயிலில் பிறை வடிவக் கட்டைகள் இரண்டு உண்டு. பெயரும் விலாசமும் சொல்லிக் கேள்வி கேட்டுப் போட வேண்டும். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சரி. இரண்டும் கவிழ்ந்தால் கூடாது. இரண்டும் நிமிர்ந்தால் சாமி சிரிக்கிறது, பதில் கிடையாது.

'கப்பலேறலாமா?' என்று பிக் செங் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சாமி சிரித்தது.

"எந்த விலாசம் சொன்னே?" என்றார் பூசாரி சியா.

"கடை விலாசந்தான்."

"பூட்டின கடையில சாமி ஒன்னை எங்கன்னு தேடும்? பூர்வீக விலாசத்தச் சொல்லுய்யா."

தாத்தா வழியாக வந்த விலாசத்தைப் பிக் செங் மந்திரம்போல ஒப்பித்தார். கழிமுகத்துக்கு மேற்கே, ஆலமரம் தாண்டி, சிவப்புக் கதவு. எண்பது வருடத்துக்கு முந்திய கதவு. இந்த முறை ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. மூன்று முறையும் அப்படியே.

ஹொங் நியோ கட்டைகளைக் கேட்டு வாங்கினாள். இரண்டு பிள்ளைகளையும் பெற்ற வீட்டின் விலாசத்தை, சந்தைக்குப் பின்தெரு என்று சொல்லி, அதே கேள்வியைக் கேட்டாள். இரண்டும் கவிழ்ந்தன. மூன்று முறையும்.

சியா பிடரியைச் சொறிந்தார். "ரெண்டு பேருக்கும் சுத்தமாத்தான் விழுந்திருக்கு."

"பொண்டாட்டிக்குத் தனி விலாசம் ஏதுய்யா?" என்றார் பிக் செங். வழக்கு அதோடு முடிந்தது. சாமியை யாரும் மேற்கொண்டு தொந்தரவு செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை பெயர் பதியும் இடத்தில் குமாஸ்தா ஒரு தாளை நீட்டினான். 'விரும்பிப் போகிறோம், திரும்பி வரமாட்டோம்' என்று அதில் இருந்தது. அவன் அதே தெருப் பையன், ஹொங் நியோ கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவன்.

"புடிக்கலன்னா திரும்பி வரலாமா தம்பி?" என்று கேட்டாள்.

"ஒங்க சொந்த ஊருக்குத்தானே போறீங்க அக்கா, புடிக்காம என்ன?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னான்.

பிள்ளைகளின் பெயர்களை அவன் எழுதி முடிக்கும்வரை அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருவிரலை மையில் அழுத்தினாள்.