இடப்பக்கம் ஒரு படம்

மிருக ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைப் படக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில்லா ஜீவன்களின் வயிற்றை எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. எலும்பு வெள்ளையாக விழும், காற்று கறுப்பாக விழும், சதையும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். அதனால் ஒரே படத்தை நம்பக்கூடாது என்பார். "ஒருக்களிச்சு ஒண்ணு, மல்லாத்தி ஒண்ணு. பிடிக்க வீட்டு ஆளுங்க வாங்க" என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வாய் தேய்ந்தவர்.

அன்றைக்கு மேசையில் கிடந்தது அவருடைய சொந்த நாய், குண்டு. மனைவி போனபிறகு அந்த வீட்டில் அவரோடு மூச்சு விடுகிற உயிர் அது ஒன்றுதான். ரெண்டு நாளாகப் பச்சைத்தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

வழக்கப்படி வலப்பக்கம் கீழே வரப் படுக்க வைத்தார். கால்மேல் மணல்பையைப் போட்டு, தடுப்புக்குப் பின்னால் போய், நாய் மூச்சை வெளியே விடுகிற நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினார். மல்லாத்தவேண்டுமானால் பிடிக்க ஆள் வேண்டும். வீட்டு ஆள் யார் இருக்கிறார்கள்? அந்தப் படத்தை எடுக்காமலே விட்டுவிட்டார்.

"காத்துதான் இருக்கு அண்ணே. ஊசி போடுறேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார் டாக்டரம்மா. "ஆமா, மல்லாத்தின படம் எங்க?"

"அசைஞ்சு கெட்டுப்போச்சும்மா."

சொல்லிவிட்டுத் தனியே வந்து உட்கார்ந்தார். கடவுளே என்று கை கூப்பினால், கூப்பிய கைக்கு நடுவே அந்தப் பொய் உட்கார்ந்திருந்தது. நாயின் உயிரைவிட ஒருத்தரிடம் வாய்விட்டுக் கேட்பது பெரிதாகிப் போயிற்றா? எழுந்து போய், வராந்தா கழுவிக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் நின்றார்.

"அக்கா, என் நாயைக் கொஞ்சம் பிடிக்கணும்."

"அடேயப்பா! இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் வாயில இருந்து முத்து உதிருது." எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கப் போடும் ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு முனகினாள். "இது என்ன, கோட்டா சிமெண்ட் மூட்டையா? சொல்லுங்க, எந்தக் காலைப் பிடிக்கணும்?"

மல்லாத்தி ஒன்று எடுத்தார். அதிலும் தெளிவில்லை. பிறகு இடப்பக்கம் கீழே வரத் திருப்பச் சொன்னார். திரும்பியதும் இரைப்பையில் தண்ணீர் கீழே இறங்கும், காற்று மேலேறி, வலப்பக்கம் குடலுக்குத் திறக்கும் வாசலுக்குப் போகும். அப்படித்தான் போயிற்று. அந்தக் கறுப்புக்கு நடுவே, சின்னக் கிண்ணம் கவிழ்த்தது போல ஒரு வட்டம், குடலுக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

அவருக்குத் தெரிந்துபோயிற்று. வீட்டில் மனைவியின் கைத்தடி கதவோரம் அப்படியே சாய்ந்திருக்கும். முந்தாநாள் காலையில் அது தரையில் வழுக்கி விழுந்தது. அடியில் மாட்டியிருந்த ரப்பர் மூடி இருக்கிறதா என்று பார்க்காமலே எடுத்து நிறுத்தியிருந்தார்.

படத்தை டாக்டரம்மாவிடம் நீட்டினார். "முன்னாடி சொன்னது பொய்ம்மா. பிடிக்க ஆள் இல்லாம எடுக்காம விட்டுட்டேன்."

டாக்டரம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரி, மயக்க மருந்து எடுத்து வைங்க," என்றார்.

சாயங்காலம் குண்டு ஆஸ்பத்திரிக் கூண்டில் தையலோடு தூங்கியது. அவர் அதன் வயிற்றிலிருந்து எடுத்த ரப்பரைக் கழுவிச் சட்டைப்பையில் போட்டு, வெறும் சங்கிலியோடு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தபோது ஓடிவர யாருமில்லை. ரப்பரைத் தடியில் மாட்டி நிறுத்தினார். வழுக்காமல் நின்றது.

நாளைக்கு இன்னொரு படம் எடுக்கவேண்டும். பிடிக்க வருவாளா என்று கிளம்பும்போதே அக்காவிடம் கேட்டுவிட்டு வந்திருந்தார்.