உங்க கோடவுன், நம்ம டீம்

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். பட்டாள முகாம் இருக்கும் திருமுல்கேரியில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றுத் தொடங்கினேன். பிறகு மொத்தக் கடை வைத்தேன். பட்டாளத்து மெஸ்களுக்குச் சரக்குப் போடும் காண்டிராக்டர் ஆனேன். ஒரு ஆள்கூடக் கைதூக்கி விட்டதில்லை. இதை எங்கேயும் சொல்வேன். சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

என் ஒரே பையனுக்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்கக்காரர்களோடு பேசிப் பேசி அவர்கள் ஊர் ஃபுட்பால் அவனைப் பிடித்துக்கொண்டது. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு அந்தப் பெயர். திங்கட்கிழமை விடிந்தால் டிவி முன்னால் இருப்பான். ஒரு வருஷம் அவனுடைய டீம், அந்த ஆட்டத்தின் சரித்திரத்திலேயே யாரும் எடுக்காத பாயின்ட் எடுத்ததாம்.

"நம்ம ஆஃபென்ஸை யாராலயும் நிறுத்த முடியலப்பா."

"அஃபென்ஸ்னா போலீஸ் பிடிக்குமேடா."

"அடிச்சு ஆடுற செட்டு ஆஃபென்ஸ். தடுக்கிற செட்டு டிஃபென்ஸ். அதுதான் நம்மகிட்ட கொஞ்சம் வீக்கு."

"டிஃபென்ஸைப் பத்தி எனக்கே சொல்றியா? வயசு பூரா டிஃபென்ஸுக்குக் காய் போட்டவன்டா நான்."

"அது வேற டிஃபென்ஸ். நக்கோப்பா, ஆளை விடுங்க" என்று இந்த ஊர் உருதுவில் 'வேண்டாம்' சொல்லிச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. என் காதில் விழுந்தது அந்த 'நம்ம'தான். என் கடை போட்ட சோற்றில் வளர்ந்தவன் ஒருநாள்கூட 'நம்ம கடை' என்றதில்லை. எப்போதும் 'உங்க கடை'. எனக்குப் பிறகு அவன் அதை எடுத்து நடத்த வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது.

அதே வருஷம் போலாரத்தில் அவன் பெயரிலேயே ஒரு கோடவுன் கட்டினேன். அவன் கையால் பால் காய்ச்ச ஒரு திங்கட்கிழமை காலை நாள் குறித்தேன். அன்றைக்குத்தான் ஃபைனலாம், எனக்கு எப்படித் தெரியும்? "வந்துடறேம்ப்பா" என்றான். நல்ல நேரம் முடியப்போகிறவரை வாசலிலேயே நின்றேன். வந்திருந்த வியாபாரிகள் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். கடைசியில் நானே அடுப்பைப் பற்றவைத்தேன்.

எல்லோரும் போன பிறகு வந்தான். கண் சிவந்திருந்தது.

"நாம தோத்துட்டோம்ப்பா. சீசன் பூரா அவ்வளவு பாயின்ட் அடிச்ச டீம், இன்னிக்கு ஒண்ணுமே ஓடல."

ஒரு கணம் எங்கள் இருவரையும்தான் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் சுற்றிலும் பார்த்தான். "உங்க கோடவுன் நல்லா பெருசா இருக்குப்பா" என்றான், விருந்துக்கு வந்தவன் மாதிரி.

அவனுக்கென்று எடுத்துவைத்த டம்ளரில் பால் ஆறி ஆடை படிந்திருந்தது. குடித்துவிட்டுப் போ என்றேன்.